தவளைக்காக நான் எழுதிய கடிதம்

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. என் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரோடு நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அவளிடம் கேட்க வேண்டியதை நைனா என்னிடம் கேட்டார். நைனாவிடம் சொல்ல வேண்டியதை அம்மா என்னிடம் சொன்னாள். தங்கை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை; அதையும் நான்தான் போய் மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. செஞ்சி பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் தபால் பிரிவில் நான் குமாஸ்தா. பகலெல்லாம் ஊரார் தபாலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே வேலை.

எனக்கு இருபத்து நாலு வயது. வீட்டில் பி.யூ.சி. வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் படிப்பு என்று யார் வாயெடுத்தாலும் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பும். அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது, பொதுக் கணக்கா காம்போசிட் கணக்கா, எதை எடுத்துக்கொள்கிறாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். பெண் பிள்ளைக்குப் பொதுக் கணக்கே அதிகம், கஷ்டமான கணக்கைப் படித்து என்ன கட்டடமா கட்டப் போகிறாள் என்று வாத்தியாரே சொன்னார். நான் போய் அவரோடு மல்லுக்கட்டி, காம்போசிட் கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கணக்கில்தான் அவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பெண்ணின் படிப்பு விஷயத்தில் என் கை பட்டால் எல்லாம் துலங்கும் என்று நானே நம்பிவிட்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு கல்லூரியில் ஒரு வருஷம் பி.யூ.சி. அதில் அப்போது மூன்று குரூப். முதல் குரூப்பில் கணக்கு, பௌதிகம், ரசாயனம். தொடர்ந்து போனால் இன்ஜினீயர். இரண்டாம் குரூப்பில் கணக்குக்குப் பதிலாகச் செடிகொடியும் ஜீவராசிகளும். தொடர்ந்து போனால் டாக்டர். மூன்றாம் குரூப்பில் சரித்திரமும் தர்க்கமும். தொடர்ந்து போனால் நான். இதை நைனாவுக்கு நாலு தடவை விளக்கினேன். நாலாவது தடவையும் அவர், "அப்ப வாத்தியார் எந்த குரூப்பு?" என்று கேட்டார்.

தங்கைக்கு டாக்டர் ஆக வேண்டும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது வந்த விதமும் தெரியும். அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது அம்மாவுக்கு அடிவயிற்றில் ஒரு வலி கண்டு மாதக்கணக்கில் விடாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தது ஆண் டாக்டர். அம்மா அவர் முகத்தைப் பார்த்தே பேசமாட்டாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு போவாள், தன் உபத்திரவத்தை அவள் காதில் சொல்வாள், அவள் அதை டாக்டரிடம் சொல்வாள். டாக்டர் கேட்கும் கேள்வி திரும்பவும் அவள் வழியாகவே அம்மாவுக்குப் போகும். ஒரு நாள் டாக்டர் கேட்ட கேள்விக்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு என்றாளாம் அம்மா. இந்தப் பெண் டாக்டரைப் பார்த்து, "எங்கம்மா ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்றாங்க, ஆனா இருக்குது" என்றாளாம். மருந்து மாறியது. பத்து நாளில் வலி நின்றது. அம்மா அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் அவள் என்னிடம் வந்து, டாக்டருக்குப் படிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டாள். நான் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

நைனாவுக்கு இதில் ஆட்சேபணை இருந்திருந்தால் நான் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். அவருக்கு ஆட்சேபணையே கிடையாது. பெண் படிக்கட்டும் என்பதில் ஊரில் எந்த அப்பனைவிடவும் அவர் தாராளம். ஆனால் பஜாரில் அவருக்கு மல்லாட்டை மண்டி; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே தினமும் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேரும் அவளுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அந்த வேலை எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். திங்கட்கிழமை அவள் டெலிபோன் ஆபீசில். செவ்வாய்க்கிழமை பாங்கியில். புதன்கிழமை ஜட்ஜு. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். ஐந்தரை மணிக்கு இலை போட்டு, ஆறு மணிக்குள் அவளுக்கு ஒரு உத்தியோகம் கொடுத்து, அதிலிருந்து ராஜினாமாவும் வாங்கியாக வேண்டும். அந்த ராஜினாமாவை வாங்குவது என் பொறுப்பு.

ஒரு நாள் கிராமசேவிகா என்றார். எங்கள் யூனியன் ஆபீசிலேயே இருக்கும் வேலை, அண்ணன் பக்கத்திலேயே இருப்பான், பெண் கண்முன்னால் இருப்பாள். அம்மாவுக்கும் அது பிடித்துவிட்டது. கிராமசேவிகா ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் கோழி வளர்க்கவும் முட்டை வேகவைக்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். முட்டை என்ற சொல் எங்கள் வீட்டில் அதற்கு முன் யார் வாயிலும் வந்ததில்லை. அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். நைனா அரைச் சாப்பாட்டில் எழுந்து போனார். அந்த வேலையும் போயிற்று.

நான் சும்மா இருக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களைப் போய்ப் பார்த்தேன். அதைப் போலத் தெண்ட வேலை வேறில்லை. ஹெட்மாஸ்டர், வாத்தியார் வேலைக்கு மட்டும் அனுப்பாதே என்றார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார். எங்கள் ஆபீஸ் மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குமாஸ்தா ஆக வேண்டுமானால் படிக்கவே வேண்டியதில்லையே என்றார். ஒவ்வொருவரும் தான் இருக்கும் கிணறுதான் பாழும் கிணறு, பக்கத்துக் கிணற்றில் குதி என்கிறார்கள். பக்கத்துக் கிணற்றுக்காரன் இந்தக் கிணற்றைக் காட்டுகிறான். சைக்கிளை மிதித்து மிதித்து எனக்கு முழங்கால்தான் வலித்தது.

இத்தனைக்கும் நடுவில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேளுங்கள். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சிங்கவரத்து நிலத்திலிருந்து வந்த விதை மல்லாட்டை இரண்டு மூட்டை. அதை உரித்துப் பொறுக்கிக்கொண்டு, எங்கள் மூன்று பேர் கூத்தையும் காதில் வாங்கியும் வாங்காமலும் உட்கார்ந்திருந்தாள். எந்த குரூப் வேண்டும் என்று நான் கேட்டால், "செகண்ட் குரூப்பு" என்பாள். நைனா இப்படிச் சொல்கிறாரே என்றால் தலையை ஆட்டுவாள். அம்மா அப்படிச் சொல்கிறாளே என்றாலும் அதே ஆட்டல்தான். அவளுக்காக நான் நாயாய் அலைகிறேன், தனக்காக ஒரு வார்த்தை வாதாடமாட்டேன் என்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கத்தியே விட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அதான் சொல்லிட்டனே ண்ணா" என்றாள். ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைக்கும் பிறவி எங்கள் குடும்பத்தில் எப்படி வந்து பிறந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியில் எப்படியோ நைனா ஒரு நிலைக்கு வந்தார். டாக்டர்தான் என்று முடிவாயிற்று. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரி, அங்கேயே ஹாஸ்டல். ஆரணியில் சித்தி இருந்ததால் லீவு நாளில் போய்வரவும் தோது. அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் மனு வாங்கி, இரண்டாம் குரூப் என்று அழகான கையெழுத்தில் நிரப்பி வைத்தேன். அன்று ராத்திரி நான் தூங்கினேன். மறுநாள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் நைனாவின் மண்டிக்கு வந்தான்.

அவன் வெளியூரில் பி.யூ.சி. முடித்துவிட்டு வந்திருந்தவன். இரண்டாம் குரூப். ஊரில் தன்னைவிட்டால் படித்தவன் இல்லை என்ற நினைப்பு. நைனா அவனைப் பிரியமாக உட்காரவைத்து, காலேஜில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அவன் கையைக் காலை ஆட்டி விளக்கியிருக்கிறான். தவளையைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, மெழுகுத் தட்டில் மல்லாக்கக் கிடத்தி, நாலு காலிலும் குண்டூசி குத்தி, வயிற்றைக் கத்தரிக்கோலால் பிளந்து, உள்ளே துடிக்கிற இருதயத்தைப் பார்த்துப் படம் போட வேண்டும். இத்தனையும் ஒரு சமண வியாபாரியிடம், மண்டியில், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அவனை அன்றைக்கு நான் பார்த்திருந்தால் மெழுகுத் தட்டில் அவனைக் கிடத்தியிருப்பேன்.

சாயங்காலம் இலை போடும்போதே நைனா முகம் சரியில்லை. நம் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம், வடிகட்டின துணியைத் திரும்பக் கிணற்று நீரிலேயே அலசுகிறோம், அதிலிருக்கும் புழு பூச்சி பிழைக்கட்டும் என்று. இந்த வீட்டிலிருந்து ஒரு பெண் போய்த் தவளையை ஆணி அடித்து அறுப்பதா என்றார். நான் விடவில்லை. சிங்கவரத்தில் நடவுக்குச் சேற்றைக் கலக்கிச் சேடை ஓட்டும்போது எத்தனை தவளை ஏருக்கடியில் போகிறது, அதற்கெல்லாம் நீங்கள் கணக்குச் சொல்வீர்களா என்று கேட்டேன். பேசக் கூடாத பேச்சுதான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. "தொழில்ல தப்பித்தவறிப் போறது வேற. தேடிப் புடிச்சிக் கொல்றது வேற. உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். சிறு வயதிலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்ததுதான். தங்கை பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு மூன்று நாள் ஐந்தரை மணிக்குத் தவளைதான். நைனா முடியாது என்றும் சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. பாவம் என்றார், பரவாயில்லையா என்றார், படிப்பும் வேண்டும்தான் என்றார், ஆனால் தவளை என்றார். அம்மா தன் பங்குக்கு ஹாஸ்டலில் எட்டு மணிக்குத்தான் சோறு போடுவார்களாமே, இருட்டில் எப்படிச் சாப்பிடுவாள் என்று ஆரம்பித்தாள். சாம்பாரில் உருளைக்கிழங்கு போட்டுவிட்டால் என்ன செய்வாள் என்றாள். நாங்கள் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதுவும் தொடமாட்டோம். பெண்ணுடைய வாழ்க்கை ஒரு தவளையிலும் ஒரு உருளைக்கிழங்கிலும் வந்து முட்டி நின்றது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எதுவானாலும் எழுத்தில் வாங்கிவிடுவது. ஆபீசில் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் அது. வாயால் சொன்னது காற்றோடு போகும், காகிதத்தில் இருப்பது நம்மைக் காப்பாற்றும். நான் ஆபீஸ் டைப் மெஷினில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கல்லூரி முதல்வருக்கு நைனா எழுதுவதுபோல் இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்தேன். மூன்று பாரா. முதல் பாரா, நாங்கள் பரம்பரைச் சமணர்கள், என் மகளுக்குப் பொழுது சாயும் முன் ஹாஸ்டலில் சாப்பாடு தர வேண்டும். இரண்டாம் பாரா, கிழங்கு வகைகள் சேராத உணவு வேண்டும். மூன்றாம் பாரா, உயிரினங்களை அறுத்துப் பார்க்கும் பயிற்சியில் அவள் கலந்துகொள்வது எங்கள் மதக் கொள்கைக்கு விரோதம், ஆகவே அதிலிருந்து அவளுக்கு விலக்கு அளிக்க வேண்டும். வரிக்கு வரி எனக்கே பெருமையாக இருந்தது. என் உத்தியோகத்தில் அதைவிட நல்ல கடிதம் நான் அடித்ததில்லை. மனுவோடு சேர்த்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டால் காலேஜே விலக்கு கொடுத்துவிடும். நைனாவுக்கும் பாவமில்லை, அவளும் டாக்டர்.

நைனா மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. எங்கே போட வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். தங்கை மட்டும் வாங்கிப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். மூன்றாம் பாராவில் அவள் கண் நின்றதை நான் பார்த்தேன்.

"இதெல்லாம் எழுதணுமா ண்ணா?" என்றாள்.

ஆபீஸ் நடைமுறை உனக்கு என்ன தெரியும் என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு மாதமாக வாயைத் திறக்காதவள் கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் திறக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். தபால் கொண்டுபோகும் பஸ் போய்விடும், பையைக் கட்டிவிடுவார்கள் என்று கடிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனேன். தபாலாபீசுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. கட்டும் நேரத்துக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல் இருந்தது.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும்படி செய்திருந்தேன். உறையைப் பிரித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம். பாராவாரியாகப் பதில் எழுதியிருந்தார்கள். அப்படிப் பதில் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். முதல் பாரா: மாணவிக்கு மாலை ஐந்தரை மணிக்கே உணவு தர ஹாஸ்டலில் ஏற்பாடு செய்யப்படும். இரண்டாம் பாரா: கிழங்கு சேர்க்காமல் அவளுக்குத் தனியாக எடுத்து வைக்கப்படும். மூன்றாம் பாரா: தங்கள் மதக் கொள்கையை மதிக்கிறோம்; செய்முறைப் பயிற்சி இல்லாமல் இரண்டாம் குரூப் படிக்க இயலாது; ஆகவே தங்கள் மகளுக்கு மூன்றாம் குரூப்பில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

நான் மூன்றாம் பாராவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று தெரியவில்லை. விலக்கு கேட்டேன், விலக்கிவிட்டார்கள். எங்கள் ஆபீசில் நான் எத்தனையோ பேருக்கு இதே மாதிரி எழுதியிருக்கிறேன். தாங்கள் கோரியபடி, தாங்கள் தெரிவித்தபடி என்று. பதிலைப் பெற்றவன் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். அவர் முதலில் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கேட்டு, நல்ல மனுஷங்கதான் என்றார். பிறகு மூன்றாவதைச் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என்மேல் பாய்ந்தார் பாருங்கள். எனக்குக் கல்யாண வயது வந்தபிறகு அவர் என்னை அப்படிப் பேசியதே இல்லை.

"தவளைய அறுக்கக் கூடாதுன்னு நான் காலேஜுக்கா சொன்னேன்? வீட்ல பேசினத எதுக்குடா எழுதி அனுப்பின?"

நீங்கள்தானே மூன்று நாளாகத் தவளை தவளை என்றீர்கள் என்று நானும் கத்தினேன். "நான் சொல்லிக்கினுதான் இருப்பேன். அதுக்கு? அதது நடக்கறப்ப பாத்துக்கலாம்னு உட வேண்டியதுதான" என்றார். மனசில் இருப்பதைச் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். சொல்லித் தீர்ந்ததும், பெண் போவாள், என்ன வேண்டுமோ செய்வாள், இவர் அதைக் கேட்கவும் மாட்டார், அவள் சொல்லவும் மாட்டாள். எங்கள் ஜனங்கள் எத்தனையோ காரியங்களை அப்படித்தான் கடந்து வந்திருக்கிறார்கள். இருபத்து நாலு வருஷம் அந்த வீட்டில் சோறு தின்றும் எனக்கு அது தெரியாமல் போயிற்று. அவர் பேச்சை நான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, நம்பர் போட்டு, டைப் அடித்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

தங்கை சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். மடித்துத் திரும்பக் கொடுத்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் என்னைப் பார்த்துச் சாதாரணக் குரலில் பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்தப் பையன்கிட்ட நானே போய்க் கேட்டேன் ண்ணா. ஒரு வருசத்துக்கு ஆறு தவளைன்னான். ஆறு உபவாசம் இருந்துக்கலாம்னு எண்ணி வெச்சிருந்தேன். அது எனக்கும் சாமிக்கும் உள்ளது. அதுக்கு எதுக்கு காலேஜு?"

நைனா வேறு பக்கம் பார்த்தார். அம்மா அடுப்பை ஊதப் போனாள். இவள் கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். எனக்கு அவசரம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனேன். சேத்துப்பட்டு, ஆரணி வழியாகப் போகும் பஸ்; வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கல்லூரி ஆபீசில் இருந்தவர் என்னைப் போலவே ஒரு குமாஸ்தா. அதே கைத்தறிச் சட்டை, காதில் அதே பென்சில். கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்றேன். அவர் ஃபைலை எடுத்து, என் அழகான மூன்று பாராவைப் பிரித்து, கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே" என்றார். வாரத்தில் ஆறு நாளும் நான் அடுத்தவர்களுக்குச் சொல்லும் வாக்கியம் அது. என்னிடம் ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

முதல்வர் அம்மாளையும் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார். பதினைந்து நாளில் ஒரு குடும்பத்தின் மதக் கொள்கை எப்படி மாறும் என்று கேட்டார். நைனாவின் சுபாவத்தை இங்கிலீஷில் விளக்க எனக்குத் தெரியவில்லை, தமிழிலும் தெரிந்திருக்காது. இரண்டாம் குரூப்பில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் மனுப் போடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் குரூப் இடத்தைப் பத்து நாளில் ஒப்புக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வேறு கல்லூரிகளில் மனுப் போடும் தேதி அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அடுத்த வருஷம் என்று நான் வீட்டில் சொல்லி வாய் மூடவில்லை, அம்மா அதற்குள் ஜாதகக்காரர்களை வரச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் சும்மா வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்க்க எந்த ஊரிலிருந்து யார் யார் வருவார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுத்த வருஷம் கல்லூரிக்கு மனு போட அவள் அந்த வீட்டில் இருக்கமாட்டாள். நைனா தைரியமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மண்டிக்குப் போய்விட்டார். நான் ஒருவன் நின்று, ஒரு வருஷம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தங்கை என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் அவளுக்குத் தெரியுமே.

"தேர்டு குரூப்பே போறேன். எங்கனா போறதுன்னா இப்பவே போயிடணும்" என்றாள்.

ஜூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தகரப் பெட்டி, படுக்கை, அம்மா கட்டிக் கொடுத்த பொரிவிளங்காய் உருண்டை, வடிகட்டித் துணி இரண்டு. நைனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். நல்லாப் படி என்று அவளிடமே நேராகச் சொன்னார். கல்லூரி ஆபீசில் அதே குமாஸ்தா. இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். பெயர், ஊர், பிறந்த தேதி, தகப்பனார் தொழில் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒரு பெரிய கட்டம், விசேஷக் குறிப்புகள் ஏதேனும் இருந்தால் எழுதுக என்று. சாயங்காலச் சாப்பாட்டு விஷயத்தை இதிலும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் பின்னால் தகராறு வராதே என்று என் கை தன்னால் அங்கே போயிற்று.

தங்கை தன் உள்ளங்கையைக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

"ஒண்ணும் எழுத வேணாம் ண்ணா. அது காலியாவே இருக்கட்டும்."

குமாஸ்தா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். என் தங்கை சரித்திரம் படிக்க உள்ளே போனாள்.